வெள்ளிக் கோளின் காற்றும் கணக்கும்

விடிவதற்கு முன் கீழ்வானில் தோன்றும் விடிவெள்ளியையும், பொழுது பட்டபின் மேல்வானில் தோன்றும் அந்தி வெள்ளியையும் அறியாதார் தமிழரில் இலர். இரண்டும் ஒரே கோள் என்பதும், ஞாயிறும் திங்களும் நீங்கலாக வானில் அதனிலும் ஒளிமிக்க பொருள் வேறில்லை என்பதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகளே. அக்கோள் அத்துணை ஒளியுடன் விளங்குவதற்குக் காரணம், இடைவெளியின்றி அதனைப் போர்த்திருக்கும் முகிலாகும். தன்மீது விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அம்முகில் திருப்பி அனுப்பிவிடுகின்றது. ஆகவே, கண்ணுக்கு இன்பந் தரும் அவ்வொளியே கோளின் நிலத்தைக் காணவொட்டாது மறைக்கும் திரையுமாகின்றது.

அத்திரைக்குப் பின்னே இறங்கிய கருவிகள் சில உண்டு. அவற்றுள் நெடுநேரம் நிலைத்து நின்று செய்தி அனுப்பியது 1982 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இறங்கிய சோவியத் நாட்டின் வெனேரா 13 ஆகும். அதுவும் 127 நிமிடங்களே உழைத்தது. பின்னர் அங்குள்ள வெப்பம் அதனை விழுங்கிற்று. இவ்வாறு ஒரு சில இடங்களில், ஒரு சில மணி நேரம் மட்டும் அளந்தறிந்த கோளொன்றின் காற்று எத்திசையில் வீசும், என்ன மழை பெய்யும், வாயுக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு கூடிப் பிரியும் என்பவற்றை விஞ்ஞானிகள் எங்ஙனம் கூறுகின்றனர்? கணிதத்தாற் சமைத்த ஒரு கோளைக் கணினியினுள்ளே சுழலவிட்டே கூறுகின்றனர். அதனை மாதிரியுரு என்பர். அம்மாதிரியுரு எவ்வாறு அமைகின்றது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஆராய்வது பயனுடைத்து. ஏனெனில், நமது பூமியின் எதிர்காலத்தைப் பற்றி இன்று கூறப்படும் எச்சரிக்கைகளும் அதே வகையான கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

கணக்கு வருவதற்கு முன் அவ்விடத்தைக் கற்பனையே நிரப்பியது. 1761 இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து சென்றபோது, அதன் விளிம்பில் ஒளிவளையம் ஒன்றைக் கண்ட ருஷ்ய அறிஞர் லொமனோசொவ், அங்கே வளிமண்டலம் உண்டு எனக் கூறினார். முகில் உண்டெனின் நீர் உண்டு. நீர் உண்டெனின் காடு உண்டு என்று பின்வந்தோர் எண்ணினர். சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் அரேனியஸ் 1918 இல் வெள்ளியை நீர் சொட்டும் சதுப்பு நிலமாகவே வருணித்தார். 1932 இல் அமெரிக்காவின் வில்சன் மலை வானாய்வுக்கூடத்தில் அடம்ஸ், டன்ஹாம் என்னும் இருவர் அங்கிருந்து வரும் ஒளியைப் பகுத்துப் பார்த்து, காபனீரொட்சைட்டு வாயு மிகுதியாக இருப்பதைக் கண்டனர். 1956 இல் வானொலித் தொலைநோக்கியால் அளந்தபோது அங்கிருந்து வரும் நுண்ணலைகள், நீர் கொதிக்கும் நிலையினும் மிக உயர்ந்த வெப்பத்தைக் காட்டின. சதுப்பு நிலம் அன்றே வற்றிப்போயிற்று எனலாம்.

இன்று அளந்தறிந்த உண்மை இது: வெள்ளியின் நிலத்தில் வெப்பநிலை சதமவளவில் ஏறக்குறைய 464 பாகை. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். அங்குள்ள வளியின் அமுக்கம் பூமியில் உள்ளதைப் போல் 92 மடங்கு. கடலில் 900 மீற்றர் ஆழத்தில் உள்ள அமுக்கத்துக்கு ஒப்பானது. வளியில் நூற்றுக்கு 96.5 பங்கு காபனீரொட்சைட்டு, 3.5 பங்கு நைதரசன். 48 கிலோமீற்றர் உயரம் முதல் 70 கிலோமீற்றர் வரை பரந்து கிடக்கும் முகிலோ நீர் முகிலன்று. அது செறிந்த கந்தகாமிலத்தின் நுண்துளிகளால் ஆனது.

வளிமண்டலத்தைக் கணக்கிட்டு அறியலாம் என்ற எண்ணம் புதிதன்று. ஆங்கில அறிஞர் ரிச்சட்சன் 1922 இல் வெளியிட்ட நூலொன்றில், வானத்தைக் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கம், வெப்பம், காற்று என்பவற்றைப் பௌதிக விதிகளின்படி கணித்துக்கொண்டே போனால் நாளைய வானிலையை இன்றே சொல்லலாம் என்றார். அக்கணக்கைச் செய்ய 64,000 மனிதர் ஒரு மண்டபத்திலிருந்து ஓயாது உழைக்க வேண்டும் என்றும் கற்பனை செய்தார். அவர் தாமே செய்து பார்த்த முதற் கணக்குப் பிழைத்தது. ஆயினும் வழி பிழைக்கவில்லை. 1950 இல் அந்த 64,000 மனிதரின் தொழிலை மின்கணிப்பொறி ஏற்றது. 1956 இல் நோர்மன் பிலிப்ஸ் என்பார் பூமியின் பொதுக் காற்றோட்டத்தைக் கணிப்பொறியிலே தோற்றுவித்துக் காட்டினார்.

வேறு கோளுக்கும் இதே முறைதான். நெட்டாங்கின் வழியே 48, அகலாங்கின் வழியே 32, உயரத்தில் 50 என வகுத்தால் 76,800 கட்டங்கள் அமையும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எவ்வளவு வெப்பம் வருகின்றது, எவ்வளவு போகின்றது? அயற்கட்டங்களின் அமுக்கம் எவ்வளவு. அதனாற் காற்று எப்பக்கம் தள்ளப்படுகின்றது? அங்குள்ள வாயுக்களில் எவை கூடின, எவை பிரிந்தன? சில நிமிடங்களுக்கு ஒருமுறை இக்கேள்விகளுக்கெல்லாம் விடை கண்டு, அவ்விடையிலிருந்து அடுத்த சில நிமிடங்களுக்கு நகர வேண்டும். பௌதிக விதிகள் பூமிக்கும் வெள்ளிக்கும் பொதுவானவை. கோளின் பருமன், சுழலும் வேகம், சூரியனிலிருந்து உள்ள தூரம், வளியின் சேர்க்கை ஆகியவையே மாறுகின்றன.

முதலாவது கேள்வி வெப்பத்தைப் பற்றியது. சூரியனுக்கு அண்மையில் இருப்பதால் வெள்ளி சுடுகின்றது என்று எண்ணுவோர் பலர். கணக்கு அவ்வாறு கூறவில்லை. அங்கே விழும் சூரிய ஒளி பூமியில் விழுவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு என்பது உண்மை. ஆனால், அதில் நான்கில் மூன்று பங்கை முகில் திருப்பிவிடுவதால், வெள்ளி உட்கொள்ளும் வெப்பம் பூமி உட்கொள்வதிலும் குறைவே. வளிமண்டலத்தின் காப்பு இல்லையெனின் அதன் நிலம் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும். ஆகவே, சூடு வரவினால் அன்று, செலவின்மையால் ஏற்பட்டது. உட்புகும் ஒளி நிலத்தையும் வளியையும் சூடாக்க, அவை அச்சூட்டைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாக வெளியே அனுப்ப முயல்கின்றன. காபனீரொட்சைட்டு அக்கதிர்களின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. அது விட்ட இடைவெளிகளை நீராவியும் கந்தகவீரொட்சைட்டும் முகிலும் அடைக்கின்றன. இதுவே பச்சைவீட்டு விளைவு. 1960 இல் கார்ல் சேகன் இவ்வழியில் வெள்ளியின் சூட்டை விளக்க முயன்றார். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் பயனியர் கலங்கள் உள்ளே இறங்கி அளந்து வந்தபின், 1980 இல் பொலக் முதலானோர் செய்த கணக்கு அளவீட்டுக்கு மிகவும் இணங்கிற்று.

இங்கே ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. பூமியிலும் ஏறக்குறைய வெள்ளியில் உள்ள அளவு காபனீரொட்சைட்டு உண்டு. ஆயின் அது வளியில் இல்லை. கல்லினுள் அடைபட்டுக் கிடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளை வெட்டும்போது வெளிப்படும் சுண்ணக்கல் அத்தகைய சிறைகளுள் ஒன்று. கடல் இருந்தமையால் வாயு கல்லாயிற்று. வெள்ளியிற் கடல் இல்லை, சிறையும் இல்லை.

இரண்டாவது கேள்வி காற்றைப் பற்றியது. இதுவே நெடுங்காலம் அறிஞரைத் திகைக்கவைத்த புதிர். வெள்ளி தன் அச்சிலே ஒருமுறை சுழல நமது 243 நாட்கள் செல்லும். அதுவும் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்கிறது. நடுக்கோட்டில் உள்ள நிலம் ஒரு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்திலே நகர்கிறது. அத்துணை மெதுவாகச் சுழலும் கோளில் காற்றும் மந்தமாகவே வீசும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 1957 இல், ஆபிரிக்காவின் பிரசாவில் நகரில் நீதித்துறை அலுவலராயிருந்த பொயே என்னும் பிரெஞ்சுக்காரர், ஓய்வு நேரத்திலே தம் தொலைநோக்கியால் வெள்ளியைப் படம் பிடித்து, முகிலில் உள்ள கரும்படலம் நான்கு நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கவனித்தார். பல அறிஞர் இதனை நம்பவில்லை. பின்னர் சென்ற விண்கலங்கள் அவர் சொன்னதே உண்மை என நாட்டின. முகிலின் உச்சியிலே காற்று செக்கனுக்கு ஏறக்குறைய 100 மீற்றர் வேகத்திற் பாய்ந்து, நான்கு நாட்களிலே கோளைச் சுற்றிவந்துவிடுகிறது. நிலத்தின் வேகத்தைப்போல் அது ஏறக்குறைய அறுபது மடங்காகும். நிலத்தை ஒட்டிய காற்றோ செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவே அசைகின்றது.

சோளகமும் வாடையும் பருவந்தோறும் திசைமாறி வீசும் நாட்டினருக்குக் காற்றுக்குக் காரணம் வெப்ப வேறுபாடு என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கோட்டில் சூடான வளி மேலெழுந்து துருவங்களை நோக்கிச் சென்று, குளிர்ந்து கீழிறங்கித் திரும்புகின்றது. 1735 இல் ஹட்லி என்பார் பூமிக்குக் கூறிய இவ்வோட்டம் வெள்ளிக்கும் பொருந்தும். ஆனால் இது மட்டும் போதாது. சுழலும் பொருளொன்று தன் சுழற்சியைத் தானே பெருக்கிக்கொள்ள இயலாது என்பது பௌதிக விதி. காற்று கோளை முந்திச் சுழல்வதாயின், எவரோ அதற்குச் சுழற்சியைக் கடனாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தபின் உராய்வினால் அது கரைந்துபோகாமல் நாள்தோறும் காத்தும் வரவேண்டும். 1975 இல் கீரஷ் என்னும் அமெரிக்கர், மேலெழும் ஓட்டம் நிலத்திலிருந்து சுழற்சியைச் சிறிது சிறிதாக மேலே ஏற்றுகிறது எனவும், அது துருவங்களிலே தேங்கிவிடாமல் நடுக்கோட்டுக்கு மீட்டுக் கொணரும் சுழல்களும் உளவெனவும் கொண்டால் புதிர் அவிழும் என்றார். வழி காட்டப்பட்டது, ஆனால் அச்சுமையைத் தாங்குவோர் எவர் என்பது தெரியவில்லை.

இதனை அறியவே மாதிரியுருக்கள் வேண்டியிருந்தன. 2003 இல் யப்பானிய அறிஞர் யமமோட்டோவும் தக்ககாசியும் அவ்வேகக் காற்றைக் கணினியிலே தோற்றுவித்தனர். எனினும், கீழ் வளியில் உண்மைக்கு மிஞ்சிய வெப்பத்தை இட்டே அதனைப் பெற்றனர். 2010 இல் பரிஸ் நகர ஆய்வாளர் வெப்பக் கதிர்களின் போக்குவரவை முறையாகக் கணித்து, அம்மிகையின்றியே வேகக்காற்றை எழுப்பினர். இவ்வாறிருக்க, 2013 இல் வெளியான ஒப்பீடொன்று அனைவரையும் எச்சரித்தது. பல நாடுகளின் மாதிரியுருக்களுக்கு ஒரே எளிய வெப்ப நிபந்தனைகளைக் கொடுத்து ஓடவிட்டபோது, அவை ஒன்றோடொன்று பெரிதும் மாறுபட்ட காற்று வேகங்களைத் தந்தன. காரணம் இதுவே: வெள்ளியின் காற்றோட்டம், ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்யும் பெரிய தொகைகளுக்கு இடையே எஞ்சும் சிறிய மிச்சத்தைப் பொறுத்தது. கணக்கில் ஒவ்வோர் அடியிலும் நேரும் மிகச் சிறிய வழு, பல்லாயிரம் அடிகளுக்குப் பின் அம்மிச்சத்தையே விழுங்கிவிடக் கூடும்.

இத்தகைய வழக்கைத் தீர்ப்பது மற்றொரு கணக்கன்று, அளவீடே. யப்பான் 2010 இல் ஏவிய அக்காத்சுகி என்னும் கலம் அவ்வாண்டு டிசம்பரில் வெள்ளியை அடைந்தும், இயந்திரம் பழுதுற்றதால் அதனைத் தாண்டிப் போய்விட்டது. ஐந்தாண்டுகள் சூரியனைச் சுற்றி அலைந்தபின், 2015 டிசம்பரில் சிறு உந்திகளின் உதவியால் அதனை வெள்ளியின் சுற்றுவழியிற் செலுத்தினர். தொடர்பு அற்றுப்போன 2024 வரை அக்கலம் முகில்களின் ஓட்டத்தைப் படம் பிடித்தது. அப்படங்களை ஆராய்ந்த ஹொரினூச்சி முதலானோர், பகற்பக்கம் சூடேறி இராப்பக்கம் குளிர்வதால் எழும் பேரலைகளே நடுக்கோட்டை அடுத்த பகுதிகளில் காற்றின் வேகத்தைப் பேணுகின்றன என 2020 இல் அறிவித்தனர். கடலில் திங்கள் எழுப்பும் வற்றுப் பெருக்குப்போல, இது சூரிய வெப்பம் வளியில் எழுப்பும் பெருக்கு ஆகும்.

மூன்றாவது கேள்வி இரசாயனத்தைப் பற்றியது. சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் காபனீரொட்சைட்டைப் பிளந்து, காபனோரொட்சைட்டும் ஒட்சிசனும் ஆக்குகின்றன. அவ்விரண்டும் தாமாக மீண்டும் கூடுவது மிக அரிது. அங்ஙனமாயின் வெள்ளியின் மேல்வளியில் ஒட்சிசன் குவிந்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு தேடியும் அங்கே ஒட்சிசன் வாயு அகப்படவில்லை. பிரிந்தவற்றை மீண்டும் கூட்டிவைக்கும் தரகர் ஒருவர் இருத்தல் வேண்டும். அத்தரகர் குளோரீன் எனக் கருதுகின்றனர். 1967 இல் பிரெஞ்சு, அமெரிக்க அறிஞர் சிலர் வெள்ளியின் ஒளியிலே ஐதரோகுளோரிக்கமில வாயுவைக் கண்டிருந்தனர். அவ்வாயு பிளவுறும்போது வெளிவரும் குளோரீன் அணு, காபனோரொட்சைட்டையும் ஒட்சிசனையும் இணைத்துவிட்டுத் தான் மாற்றமின்றி வெளியேறி, அடுத்த இணைப்புக்குச் செல்கின்றது. இத்தகைய பொருளை ஊக்கி என்பர். சிறிதளவு குளோரீன் பெருந்தொகையான வாயுவின் போக்கை மாற்றிவிடும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மை வெள்ளியோடு நிற்கவில்லை. குளிரூட்டும் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் மேல்வளியை அடைந்து, குளோரீனை விடுவித்து, உயிர்களைக் காக்கும் ஓசோன் படையை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் 1974 இல் எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையைச் சரிபார்க்க முயன்றோருள், வெள்ளியின் குளோரீன் வினைகளை ஏற்கெனவே கணித்துப் பழகியோரும் இருந்தனர். அயற்கோளின் ஒட்சிசன் எங்கே போயிற்று என்று கேட்டவரின் கணக்கு, சொந்த வீட்டின் கூரையைக் காக்கவும் கைகொடுத்தது. மொலினாவும் ரோலண்டும், அவர்களோடு குருட்சனும், 1995 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கந்தகத்தின் கதை இன்னும் சிக்கலானது. கந்தகவீரொட்சைட்டு மேலெழுந்து, சூரிய ஒளியால் மாற்றமுற்று, நீராவியோடு கூடிக் கந்தகாமிலத் துளியாகின்றது. துளிகள் கீழிறங்குகின்றன, ஆனால் நிலத்தை அடைவதில்லை. ஏறக்குறைய 48 கிலோமீற்றர் உயரத்திலே வெப்பத்தால் ஆவியாகி, மேலும் கீழே சிதைந்து, மீண்டும் பழைய வாயுக்களாகின்றன. முகிலுக்குக் கீழே பத்து இலட்சத்துக்கு 150 பங்கு அளவில் இருக்கும் கந்தகவீரொட்சைட்டு, முகிலுக்கு மேலே ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்து விடுகின்றது. அவ்வீழ்ச்சி முழுவதையும் தெரிந்த வினைகளால் விளக்க மாதிரியுருக்களால் இன்னும் இயலவில்லை. பொயே கண்ட கரும்படலத்தின் பொருள் யாது என்பதும் உறுதிப்படவில்லை. அப்பொருளோ வெள்ளி உட்கொள்ளும் சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறது.

இரசாயனமும் காற்றோட்டமும் தனித்தனியே கணிக்க இயலாதவை என்பது இங்கேதான் தெளிவாகின்றது. கரும்பொருள் வெப்பத்தை வாங்குகிறது. வெப்பம் பேரலைகளை எழுப்புகிறது. அலைகள் காற்றை ஓட்டுகின்றன. காற்றோ கரும்பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்கின்றது. ஒன்றைப் பிழையாகக் கணித்தால் யாவும் பிழைக்கும். 1978 முதல் பத்தாண்டுகளுக்கு மேலாக முகிலுக்கு மேலிருந்த கந்தகவீரொட்சைட்டு படிப்படியாகக் குறைந்து வந்தது. எரிமலையொன்று முன்னர் கக்கியது மெல்லக் குறைகின்றது என்றனர் சிலர். காற்றின் ஏற்றம் தளர்ந்ததே காரணம் என்றனர் வேறு சிலர். மகலன் என்னும் கலம் 1991 இல் எடுத்த படங்களை மீண்டும் ஆராய்ந்தோர், எரிமலை வாயொன்று சில மாதங்களுக்குள் உருமாறியதை 2023 இல் அறிவித்தனர். ஆகவே எரிமலை உண்டு. ஆயினும் வாயுவின் ஏற்றத்தாழ்வுக்கு அதுவே காரணம் என முடித்துவிட இயலாது.

அவசர முடிவின் ஆபத்தை 2020 ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று காட்டிற்று. வெள்ளியின் முகிலில் பொசுபீன் என்னும் வாயு உண்டென்று ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். தெரிந்த வினைகள் எவையும் அதனை அவ்வளவில் ஆக்க முடியாதென அவர்தம் கணக்குக் கூறியது. நுண்ணுயிர்கள் ஆக்கியிருக்குமோ என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. அளவீட்டையே மறுத்தோர் பலர். வாதம் இன்னும் ஓயவில்லை. தெரிந்த வினைகளால் இயலாது என்பதற்கும், இயற்கையால் இயலாது என்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

வெள்ளியின் பழைய வரலாற்றைப் பற்றிய கணக்குகளும் இதனையே வலியுறுத்துகின்றன. பயனியர் கலம் அளந்தபோது, அங்குள்ள நீராவியில் பார ஐதரசனின் விகிதம் பூமியில் உள்ளதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்காயிருந்தது. இலேசான ஐதரசன் விண்வெளிக்குத் தப்பியோட, பாரமானது எஞ்சியது. அதாவது முன்னர் நீர் மிகுதியாக இருந்தது. அந்நீர் கடலாகக் கிடந்ததா என்பதே வினா. மெதுவாகச் சுழலும் கோளிலே பகற்பக்கத்தில் திரண்ட முகில் குடைபோல் நின்று நிலத்தைக் குளிர்வித்திருக்கும்; ஆகவே நெடுங்காலம் கடல் இருந்திருக்கலாம் என்றது 2016 இல் நியூயோர்க் ஆய்வாளரின் கணக்கு. ஆரம்பத்தில் நீர் முழுவதும் ஆவியாயிருந்தபோது முகில் இராப்பக்கத்திலேயே திரண்டிருக்கும்; அது போர்வைபோற் சூட்டைக் காத்திருக்கும்; ஆகவே கடல் ஒருபோதும் உண்டாகவில்லை என்றது 2021 இல் வெளியான மற்றொரு கணக்கு. விதிகள் ஒன்றே, தொடக்கம் வேறு, முடிவு நேர்மாறு. முகில் குடையா, போர்வையா என்ற ஒரு வினாவிலே ஒரு கோளின் தலைவிதி தங்கியிருக்கின்றது. 2021 இல் அமெரிக்கா இரண்டும் ஐரோப்பா ஒன்றுமாகத் தெரிவு செய்த புதிய வெள்ளிப் பயணங்கள் இவ்வழக்குக்குச் சான்று தேடும் நோக்கமும் உடையவை.

இத்துணைக் குறை உடைய கணக்கை நம்புவதெப்படி என்று கேட்போர் உண்டு. குறை எங்கே உள்ளது என்பதைப் பகுத்தறிதல் வேண்டும். காபனீரொட்சைட்டு வெப்பத்தைத் தடுக்கும் என்பதில் எந்த மாதிரியுருவும் மாறுபடவில்லை. வெள்ளியின் நிலத்தில் இறங்கிய ஒவ்வொரு வெப்பமானியும் அதற்குச் சாட்சி. முகில் எவ்வாறு நடந்துகொள்ளும், நுண்ணிய சுழல்கள் எவ்வளவு சுமக்கும் என்பவற்றிலேயே மாறுபாடு. பூமியைப் பற்றிய கணக்குகளிலும் ஐயம் மிகுந்த இடம் முகிலே. 1974 இல் வெள்ளியின் முகில் துளிகளின் பருமனை ஒளியின் தன்மையிலிருந்து அளந்து கூறியோருள் ஒருவரான ஜேம்ஸ் ஹன்சன், பின்னர் பூமியின் பக்கம் திரும்பினார். மனிதர் எரிக்கும் எரிபொருளால் உலகம் சூடேறுகின்றது என 1988 இல் அமெரிக்க மேற்சபையின் குழு முன் சாட்சியம் அளித்தவர் அவரே.

பூமி நாளையே வெள்ளியாகிவிடும் என்று எவரும் கூறவில்லை. அது பொருந்தாத அச்சம். ஆனால் கல்லினுள் அடைபட்ட காபனை இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளிற் சேர்த்து வைத்தது. நிலக்கரியாகவும் எண்ணெயாகவும் கிடந்த காபனை மனிதர் சில நூற்றாண்டுகளுள் எரித்து வெளியேற்றுகின்றனர். அதன் விளைவைப் பூமியிலே பரீட்சித்துப் பார்க்க இரண்டாவது பூமி இல்லை. வேறொரு வளியில், வேறொரு வெப்பத்தில், அதே விதிகள் எவ்வாறு தொழிற்படுகின்றன எனக் காட்டும் அயற்கோள்களே கணக்கைச் சரிபார்க்கும் உரைகற்கள். அந்தி வானில் அமைதியாக ஒளிரும் அவ்வெள்ளி, அழகிய விளக்கு மட்டுமன்று. மனிதர் போடும் கணக்கைத் திருத்திக் கொடுக்கும் கண்டிப்பான பரீட்சகருமாகும்.